ஐந்து வண்டிகளின் குளிர்

பேப்பர் கப்பில் காபி குடித்தால் முதலில் பேப்பர்தான் நாக்கில் படும், காபி அப்புறம். இதை நான் குறையாகச் சொன்னதில்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கும்படி கட்டடக் கமிட்டி கேட்டதால் எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்தேன். இங்கேதான் ஆரம்பிக்க முடிகிறது.

என் பெயர் திருவேங்கடம். அப்பா கல்கத்தா கிதிர்பூர் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். நான் ஹவுராவில் மீன் ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் கம்ப்ரஸர் பார்த்தேன். மகள் இந்த லேக் கார்டன்ஸ் கட்டடத்தில் வீடு வாங்கி, நானும் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வந்த வாரமே நின்றுபோயிருந்த தண்ணீர் மோட்டாரை ஓட வைத்தேன். அன்றிலிருந்து எனக்கு மிஸ்திரி என்று பெயர், இந்த ஊரில் ரிப்பேர்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கமிட்டித் தலைவர் வைத்தியநாதன் பேங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்தவர், கெட்டவர் இல்லை. "மிஸ்திரி, மோட்டார் கத்தறது, செத்தப் பாருங்கோ" என்பார். பார்ப்பேன். அவர் மனைவி சுந்தரவல்லி அம்மாள் காபி கொடுத்தனுப்புவார். பேப்பர் கப்பில். குடித்துவிட்டுக் கசக்கிப் போட்டால் நான் வந்ததற்கு அடையாளமே இருக்காது.

போன ஏப்ரலில் வைத்தியநாதன் காரில் ஏசி குளிரவில்லை. அவர் மகள் மேக்னா ஆன்லைனில் கேஸ் டப்பாவும் பிரஷர் காட்டும் கேஜ் வைத்த குழாயும் வரவழைத்து, வீடியோ பார்த்துக்கொண்டே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, மாட்டக் கூடாத குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அதில் அது பொருந்தாது. நான் வாங்கிக்கொண்டேன். ஒழுகிய வால்வு முள்ளை மாற்றினேன். இன்ஜினையும் ஏசியையும் போட்டுவிட்டு, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, கேஜைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். இருபது நிமிஷம்.

வைத்தியநாதன் காற்று வரும் இடத்தில் முகத்தை வைத்துக் கண்ணை மூடினார். "திருவேங்கடம் சார், ஊட்டி மாதிரின்னா இருக்கு!"

சார் என்றார். வண்டியை அப்பப்போ பார்த்துக்கொள்ளச் சொல்லி இன்னொரு சாவியையும் கொடுத்தார். சுந்தரவல்லி அம்மாளே இறங்கி வந்தார். கையில் டவரா, டம்ளர். மேலே நுரை.

அன்று நான் ஒரு தப்பு செய்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டேன். அந்த கேஸ் நாலு வருஷம் நிற்கும். அடுத்த ஞாயிறு மோட்டார் கத்தியது. "மிஸ்திரி!" என்று குரல் வந்தது, பின்னாலேயே பேப்பர் கப்பும் வந்தது.

பகல் இரண்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கட்டடமே தூங்கும். விழித்திருப்பது நானும் லிஃப்டும்தான். கீழே போய் வைத்தியநாதன் வண்டியின் பானெட்டைத் திறந்து, வால்வு மூடியைக் கழற்றி, பால்பேனா முனையால் நடுவிலிருக்கும் முள்ளை அழுத்தினேன். குக்கர் வெயிட்டைத் தூக்கின மாதிரி சத்தத்தோடு கேஸ் வெளியேறியது. விரல் நுனி வெளுத்து மரத்துப்போனது. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு மாடிக்கு வந்து நானும் தூங்கினேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றுதான் வைத்துக்கொண்டேன். ஒரே வண்டியில் கேஸ் போய்க்கொண்டிருந்தால் வைத்தியநாதன் மனசு கஷ்டப்படும் என்று மூன்றாம் மாடி போஸின் வண்டியையும் சேர்த்தேன். அவர் சந்தேஷ் ஸ்வீட் பெட்டியும் சாவியும் தந்தார். மே மாதக் கடைசியில் என் வீட்டுக் காலண்டர் ஆணியில் ஐந்து சாவி தொங்கியது. ரோட்டுக் குழியில் வண்டி விழுந்து வால்வு தளர்கிறது என்று சொல்லி வைத்தேன். இந்த ஊரில் ரோட்டுக் குழி என்றால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. ஒரு பைசா நான் வாங்கியதில்லை.

ஜூனில் ராஷ்பெஹாரி சிக்னலில், ஏசி குளிராத காரில், சுந்தரவல்லி அம்மாள் மயங்கிச் சாய்ந்தார். அவருக்குப் பிரஷர் உண்டு, எனக்கும் அது தெரியும். கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டுச் சொல்வதற்காக நான் பின் சீட்டில் இருந்தேன். ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டது நான்தான், கமிட்டி அதையும் குறித்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் இருபது நிமிஷத்தில் கேஸ் ஏற்றிக் கொடுத்தேன். அம்மாள் எழுந்து உட்கார்ந்து, தானே காபி கலந்து அனுப்பினார். அன்றைக்குக் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. இருந்தாலும் குடித்தேன்.

அதற்குப் பிறகு மேக்னா வேறு மாதிரி டப்பா ஒன்று வாங்கி வந்தாள். அந்த கேஸில் சாயம் கலந்திருக்கும். எங்கே ஒழுகுகிறதோ அந்த இடம் ஊதா டார்ச்சில் பச்சையாக மின்னும். ஏற்றிக் கொடுத்ததும் நானே. அந்தச் சாயத்தைக் கொஞ்சம் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். ஐஸ் ஃபேக்டரியில் நாங்கள் சோப்பு நுரையை வைத்துத்தான் ஒழுகல் பிடிப்போம்.

போன ஞாயிறு இரண்டரைக்கு வேலையை முடித்து, வால்வைத் துடைத்து மூடி, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நாலரைக்குக் கூப்பிட்டார்கள். மேக்னா கார் நிறுத்தும் இடத்து விளக்கை அணைத்துவிட்டுக் குழாய் குழாயாக டார்ச் அடித்தாள். எங்கும் ஒன்றுமில்லை. அதற்குள் காபி வந்தது. குடித்துவிட்டு டம்ளரை பானெட் ஓரம் வைத்தேன். டார்ச் அந்தப் பக்கம் திரும்பியது.

டம்ளரில் ஒரு கட்டைவிரல் தடமும் மூன்று விரல் தடமும் கிளிப்பச்சையாகத் தெரிந்தன.

வைத்தியநாதன் குனிந்து பார்த்தார். "ஏன்டி, லீக்கு டம்ளர்லயா இருக்கு?"

"அப்பா, சும்மா இருங்கோ. அங்கிள், கையக் காட்டுங்க."

காட்டினேன். நகக்கண் எல்லாம் மின்னியது. சுந்தரவல்லி அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார்.

"இதுக்காகவா அங்கிள்?" என்றாள் மேக்னா.

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன்.

இப்போதும் அதையேதான் சொல்கிறேன். டம்ளருக்கு ஆசைப்படுகிற வயசா எனக்கு? வண்டிகள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வண்டியிலும் கேஸை இறக்கியது நான்தான், வேறு யாரையும் விசாரிக்க வேண்டாம். இனி செய்யமாட்டேன்.

ஐந்து சாவியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பொறுப்பை ஒப்படைக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இன்று இரண்டரைக்குக் கீழே போய் எல்லா வண்டியையும் பார்த்துவிட்டேன். எதிலும் கேஸ் இல்லை. வெளி ஆளைக் கூப்பிட்டால் டப்பாவைத் தலைகீழாகப் பிடிப்பான். ஞாயிறு நாலு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன். சர்க்கரை பாதி போதும்.