இறக்கத்தில் ஓடிய வண்டி

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் மிக்சி ஓடினால்கூட மாடிக்குப் போய்விடுவேன். அந்தப் பழைய எஸ்யூவி பிடித்துப்போனதற்கு அதுதான் முதல் காரணம். அவ்வளவு அமைதியான வண்டியில் நான் ஏறியதே இல்லை.

விற்றவரின் வீடு ஒரு மேட்டுத் தெருவின் உச்சியில் இருந்தது. அங்கிருந்து கீழே பெரிய சாலை வரை ஓட்டிப் பார்த்தேன். கைப்பிரேக்கை எடுத்ததும் தானாக நகர்ந்தது. ஸ்டியரிங் கனத்தது, பெரிய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும். பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது. ஏசி கேட்டேன். "ஜன்னலை இறக்குங்க சார், இந்தக் காத்துக்கு எதுக்கு ஏசி?" என்றார்.

"மேல ஒரு தடவை ஏத்திப் பார்க்கட்டுமா?"

"மேல என்ன சார் இருக்கு, என் வீடுதானே."

நியாயமாகப் பட்டது. கீழேயே கையெழுத்துப் போட்டோம். அவர் மேட்டில் நடந்தே ஏறிப் போனார். வயதுக்கு நல்ல வேகம்.

நான் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். விளிம்பு உடைந்த ஒரு பிஸ்கட்கூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை. என் மனைவியின் அண்ணன் இதை மதிப்பதில்லை. அவர் பல் டாக்டர். அதே மாடலில், அதே நிறத்தில் ஒரு வண்டி வைத்திருக்கிறார். "மாப்ளே, பிஸ்கட் வேற, வண்டி வேற. வாங்கறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ" என்று சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னார். என் மனைவி சிரித்தாள். நான் தனியாகப் போனது அந்தச் சிரிப்பால்தான்.

கையெழுத்துப் போட்ட பிறகு பெரிய சாலையில் வண்டி நகரவில்லை; கயிறு கட்டி மெக்கானிக் பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டியதாயிற்று. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, துக்க வீட்டில் நிற்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ஜின் செத்துப் பல மாசம் ஆகுது சார். மாத்தியே ஆகணும். ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீங்க?"

"பார்த்தேன். நல்லா ஓடிச்சு."

வீட்டில் வண்டி பாலிஷ் போடப் போயிருக்கிறது என்று சொன்னேன். அந்த வாரமே மச்சான் பத்து நாள் வெளியூர் கிளம்பினார். சாவியை என்னிடம் தந்தார். "தினம் காலைல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை. வேற எதையும் தொட்டுடாதே." முதல் இரண்டு நாள் அப்படியே செய்தேன். அந்த என்ஜின் எவ்வளவு சீராக ஓடியது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பத்து நாளும் சும்மா நிற்கப்போகிற வண்டிக்கு அவ்வளவு நல்ல என்ஜின் தேவையில்லை.

இரண்டு வண்டியும் என்னுடையவை என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "ஓடறதைக் கழட்டிட்டு எதுக்கு சார் செத்ததை மாட்டணும்?" என்று மட்டும் கேட்டார். வேலை சுத்தமாக முடிந்தது. மச்சான் வண்டியை இழுத்துவந்து, அது நின்ற இடத்திலேயே, இம்மி பிசகாமல் நிறுத்திவைத்தேன். கண்ணாடியைத் துடைத்தும் வைத்தேன்.

வந்தவர் சாவியைத் திருப்பினார். முனகல்கூட இல்லை. ஆடிப்போய்விட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. "ஆயில் ஒழுங்கா மாத்தினீங்களா, மச்சான்?" என்று பக்குவமாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து ஒரு மாதம் தினமும் என் வண்டியில்தான் அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டேன். "உன் வண்டிச் சத்தம் அச்சு அசல் என் வண்டி மாதிரியே இருக்கு, மாப்ளே" என்பார். ஒரே கம்பெனி என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவரே சொன்னார்: "வண்டி பார்க்கிறதுல மாப்ளைகிட்ட நான் பிச்சை வாங்கணும்." என் மனைவி எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் அவர் வேறு என்ஜின் போடப் போனார். அங்கே செத்த என்ஜினில் பொறித்திருந்த நம்பரையும் அவருடைய ஆர்சி புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பொருந்தவில்லை. அந்த நம்பர் என் ஆர்சி புத்தகத்தில் இருந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

சற்றுமுன் என் மனைவி இந்த ஸ்டேஷன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "'எனக்கு வண்டி பார்க்கத் தெரியலை'ன்னு ஒரே ஒரு வார்த்தை அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. புகாரை வாபஸ் வாங்கிக்கிறாராம். ஜெயிலுக்குப் போறதைவிட அது கஷ்டமா?"

யோசித்துப் பார்த்துவிட்டேன். திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள், நம்பிக்கை மோசடி என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்; மறுக்கமாட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். வண்டி பார்க்கத் தெரியாதவன் என்று மட்டும் எழுத வேண்டாம். இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த என்ஜின் நல்லது என்று சரியாகப் பார்த்து எடுத்தவன் நான்.