உயிரோடிருப்பவர்களை முதலில் எண்ணியவருக்கு

வாஷிங்டனில், கூட்டரசின் குற்றவியல் நீதித் திட்டங்களை ஆராயும் எங்கள் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறும், அன்புக்கும் மதிப்புக்கும் உரிய வெர்னா டில்மன் அம்மையார் அவர்களே!

நீங்கள் சேர்ந்தபோது கைதுப் பதிவுகள் காந்த நாடாச் சுருள்களாகத் தள்ளுவண்டியில் வந்தன. அடித்தள உணவகத்து பீன்ஸ் சூப்பை மேசையில் ஆறவிட்டு, அச்சுத்தாள் மடிப்புகளில் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருப்பீர்கள். அதை நீங்கள் சூடாகக் குடித்து நாங்கள் பார்த்ததில்லை.

உங்களுக்குப் பெயர் தேடித் தந்தது 1994ஆம் ஆண்டு அறிக்கை. கிளைட் பார்ட்லெட் நடத்திய மறுவாழ்வுத் திட்டத்தின் வழியே விடுதலையான அறுநூறு பேரில் எழுபத்தொரு விழுக்காட்டினர் மீண்டும் கைதாகவில்லை என்று எழுதினீர்கள். திட்டத்தை நாடு முழுக்க விரிக்க நாடாளுமன்றக் குழு நாள் குறித்தது.

அந்த வாரம், தொடர் பேட்டிக்காக அந்த அறுநூறு பேரில் ஒருவரின் தாயைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். "அவன் வெளிய வந்த அஞ்சாம் நாளே போயிட்டான்மா," என்றார் அவர். "திரும்ப உள்ள போகலைன்னு எழுதிக்கோங்க."

இறப்புப் பதிவுகளை வரவழைத்து ஒப்பிட்டீர்கள். நாம் வெற்றியாக எண்ணியவர்களில் முப்பத்தெட்டுப் பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் முதல் இரண்டு வாரங்களில், போதை மருந்தால். அவர்களை நீக்கியதும், திட்டத்தில் சேராமல் விடுதலையானவர்களைவிட இவர்கள் மேல் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

குழுவின் கூட்டம் முடியும்வரை பொறுக்கச் சொன்னார் நம் பிரிவின் அன்றைய தலைவர் ராய்ஸ். "செத்தவன் திருடல, வெர்னா. இதுல பொய் எங்க இருக்கு?"

"அப்ப சவக்கிடங்குதான் நாட்டுலயே சிறந்த மறுவாழ்வுத் திட்டம்னு எழுதிரலாமா?"

கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கு அது கேட்டது. மறுநாள், உங்கள் அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நீங்களே எடுத்துச் சென்று குழுவிடம் கொடுத்தீர்கள். விரிவாக்கம் நின்றது, இருந்த இடங்களிலும் பாதி மூடப்பட்டன. "நாப்பது பேர் பொழப்ப ஒரே அட்டவணையில முடிச்சிட்டீங்க," என்று சொல்லிவிட்டு பார்ட்லெட் தொலைபேசியை வைத்தார். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் அவர் உங்களோடு பேசவில்லை.

ஆனால் அந்த முப்பத்தெட்டுப் பெயர்களையும் அவர் கேட்டு வாங்கியிருந்தார். மிஞ்சிய இடங்களில், சிறை வாசலிலேயே போதைச் சிகிச்சைக்கு ஒரு செவிலியரை நிறுத்தினார். நீங்கள் அடுத்து எடுத்த கணக்கில், புதிதாக விடுதலையான அறுநூறு பேரில் இறந்தவர்கள் ஆறு பேர்.

உடல்நலமும் மனநிறைவும் நிறைந்த நீண்ட ஓய்வு உங்களுக்கு வாய்க்கட்டும்.

ஜூன் 2011
இங்ஙனம்,
ஆய்வுப் பிரிவு ஊழியர்கள்

மற்றும், ஊழியர் அல்லாதபோதும் கையெழுத்திட இடம் கேட்டு வாங்கிய
கிளைட் பார்ட்லெட்