வெள்ளிச் சிலுவைக்கு நட்ட கல்

இரவு பதினொன்றரை. வத்தல்மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. நிலா இல்லை... காற்றும் இல்லை. இரண்டு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் போனவன் தீர்த்தன். எனக்கு இதைச் சொன்ன என் கூட்டாளி பெரியண்ணனுடைய மாமனார். அப்போது முப்பது வயது. பின்னால் வந்தவன் அவன் தம்பி மாதேஸ். நாற்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். பெரியண்ணன் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அன்றைக்கு விளக்கை அணைக்க விடவில்லை.

மாதேஸ் நாலு வருஷத்துக்கு முன்னால் நல்லம்பள்ளியில் பட்டாளத்து லாரி ஏறிப் போனவன். பர்மா எல்லையில் ரோடு போடும் வேலை என்றார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அன்று மத்தியானம் அதே நல்லம்பள்ளியில் உயிரோடு வந்து இறங்கினான். ஆள் சொல்லிக் கேட்டு, கூட்டிவரப் போன தீர்த்தன் உடனே மலையேறவில்லை. இருட்டும்வரை அடிவாரத்தில் உட்கார்ந்தே இருந்தான்.

பாதி மலையில் நின்று சொன்னான்.

"மாதேசு... உனக்குக் கல்லு நட்டாச்சுடா."

மாதேஸ் சிரித்தான். "எனக்கா? கெடா வெட்டுனீங்களா?"

"வெட்டுனோம்."

"எனக்கொரு துண்டு எடுத்து வெக்கக் கூடாதாண்ணா?"

தீர்த்தன் சிரிக்கவில்லை. மறுபடி நடந்தான். நடந்துகொண்டே மீதியையும் சொன்னான்.

அவர்கள் ஊரில் வெளியிடத்தில் செத்தவனுக்குக் கல் நட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு வழி தெரியாமல் அலைவான். கல்லுக்கு அடியில் அவன் உடம்பில் கிடந்த பொருள் ஒன்றைப் புதைக்க வேண்டும். புதைத்தபின், அவன் வாழ்ந்த வாழ்வை ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் செத்தவன் தன்னை அடையாளம் கண்டுகொண்டு வருவான்.

மாதேஸ் செத்துவிட்டான் என்றே ஊர் முடிவு கட்டியிருந்தது. ஆனால் அவன் ஒரு பொருளையும் விட்டுப் போகவில்லை. தாய் சாலம்மாள் சோற்றை நிறுத்திவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு வாய்க் கஞ்சி. "எம்மவன் வழி தெரியாம நிக்கறான்" என்பாள். வேறு பேச்சில்லை. கை விறகுக் குச்சியாகிவிட்டது.

ஐப்பசியில் மலைமேல் ஒரு விமானம் விழுந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம். முதலில் போய்ச் சேர்ந்தவன் தீர்த்தன். மழை... பெட்ரோல் வாசனை. வெள்ளைக்காரன் வாரில் கட்டுண்டபடியே உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு காயம் இல்லை. காலடியில் சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு வெள்ளிச் சிலுவை. அதன் நாடாவில் இருபுறமும் கருநீலம், நடுவே வெள்ளை.

மூன்றாம் நாள் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து கடற்படை ஆட்கள் வந்தார்கள். கூடவே சவுரியப்பன் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர். உடலைத் துணியில் சுற்றும்போது அவர் சொன்னார்: "சாதாரண ஆளு இல்லப்பா. கப்பல் மேலருந்தே ஏரோப்ளேன் ஓட்டுவாரு. எதிரி ப்ளேன் அஞ்ச விழ வெச்சவரு. ரெண்டு தடவ கடல்ல விழுந்தாரு. ஒரு தடவ ராப்பகலா மிதந்து கெடந்தாரு. ராஜா தன் கையால சிலுவ குத்திவுட்டாரு... அதத்தான் காணோம். அவங்கம்மாவுக்கு அனுப்போணும். நீ பாத்தியா?"

"இல்லீங்க" என்றான் தீர்த்தன்.

சிலுவை அவன் வீட்டுக் குதிருக்குள், ராகிக்கு அடியில் கிடந்தது.

பத்து நாள் கழித்து அதைத் தாயிடம் காட்டினான். மாதேசுக்குச் சர்க்கார் கொடுத்தது என்றான். கல் நட்டார்கள். ஊரே சுற்றி நின்றது. வாழ்வைச் சொல்ல வேண்டியவன் அண்ணன். பிறந்ததைச் சொன்னான். மாடு மேய்த்ததைச் சொன்னான். லாரி ஏறியதைச் சொன்னான்... அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் காத்திருந்தார்கள். வாய் திறந்தது. சவுரியப்பன் சொன்னது வந்தது.

கப்பல் மேலிருந்து பறந்தான். ஐந்தை விழ வைத்தான். இரண்டு தடவை கடலில் விழுந்தான். ராஜா கையால் சிலுவை வாங்கினான்.

அன்று ராத்திரி சாலம்மாள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு தட்டு வைக்கிறாள். அவள் வீட்டில் அவள் ஒருத்திதான். இரண்டாவது தட்டிலும் களி குறைகிறது. கையால் பிய்த்த மாதிரி இல்லை... கத்தி வைத்து நேர்கோடாக அறுத்த மாதிரி இருக்கிறது. விடிகாலையில் பெட்ரோல் வாசனை. தீர்த்தன் எதையும் கேட்கவில்லை. அவள் சாப்பிடுகிறாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

நான்கு கால்கள் சருகை மிதிக்கும் சத்தம் மட்டும்.

"நான் போயி நின்னா எல்லாஞ் செரியாப் போயிரும்ண்ணா" என்றான் மாதேஸ் கடைசியில்.

"ஆமாடா" என்றான் தீர்த்தன். அதை நம்பித்தான் அவனும் ஏறிக்கொண்டிருந்தான்.

ஊருக்குள் நுழைந்தபோது நாய் ஓடிவந்தது. மாதேசை முகர்ந்து வாலை ஆட்டியது. வீட்டு வாசல்வரை கூட வந்தது... பிறகு நின்றுவிட்டது.

மாதேஸ் கதவைத் தட்டினான். தாழ்ப்பாள் நகர்ந்தது. சாலம்மாள் சிம்னி விளக்கோடு நின்றாள். உடம்பு தேறியிருந்தது. விளக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"ஆருங்க?"

"ஆத்தா... நாந்தான். மாதேசு."

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கோபம்கூட இல்லை.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "எம்மவன் இப்பத்தான் படுத்தான். பாவம், அவனுக்கு நம்ம பேச்சு மறந்து போச்சு. சத்தங் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவான்."

உள்ளே இருட்டில் யாரோ இருமினார்கள். ஒரே ஒரு தடவை.

"வர்றேன் சாமி" என்று உள்ளே குரல் கொடுத்தபடி திரும்பினாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தீர்த்தன் தீக்குச்சி உரசினான். வாசற்படியில் ஈரம். பூட்ஸ் கால் அளவுக்கு, இரண்டு இடத்தில். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதேஸ் குனிந்து விரலால் தொட்டான். நாக்கில் வைத்தான். அப்படியே நின்றான்.

"என்னடா?"

பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவன் அவன்.

"கடலுத் தண்ணிண்ணா" என்றான்.