கையால் பிழிந்த பஞ்சு

— அதெப்படி பெலிக்ஸ் தம்பி, மொத நாள் எச்சியில முப்பத்தெட்டு, ரெண்டாம் நாள் எச்சியில நாப்பத்தொண்ணு, மூணாம் நாள் வெறும் ரெண்டா? மூணும் வெறும் எச்சிதானே?

— அதுக்குத்தான் ரமீஜாம்மா, ஒங்கள லேபுக்கு வரச் சொன்னேன். கார்டிசாலுங்கிற ஹார்மோன் இப்படி ஏறி எறங்கி நான் பாத்ததே இல்ல. எனக்கே மண்டை காயுது.

— நல்லா இருக்கே! நாளைக்குத் திருச்சியில தலைய ஸ்கேன் எடுக்கணும், கட்டி இருந்தா ஆபரேசன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மகன் ரிஃபாய் துபாய்லேருந்து லீவு போட்டு வாரான். நீங்க மண்டை காயுதுங்கிறீங்க!

— இருங்க, இருங்க. பஞ்ச எப்படி வாயில வச்சீங்க? குப்பியிலேருந்து அப்படியே கவுத்தீங்களா?

— ஐயோ, தொண்டைக்குள்ள போயிருச்சுன்னா? கையாலதான் எடுத்து வச்சேன். மென்னேன். அப்புறம் வெளிய எடுத்து குப்பிக்குள்ள நல்லாப் புழிஞ்சு விட்டேன்.

— கையால புழிஞ்சீங்களா!

— பின்ன காலாலயா?

— கையக் காட்டுங்க. என்னம்மா இது, இப்படி வெடிச்சுக் கெடக்கு?

— காலையிலேருந்து ஐஸுக்குள்ள விட்டு றாலு உரிக்கிற கை வேற எப்படி இருக்கும்? கட்டுமாவடியில எங்க கம்பெனிப் பொம்பளைக எல்லாத்துக்கும் இதே கைதான்.

— மருந்து எதுவும் தடவுறீங்களா?

— மருந்துக்கடையில குடுத்த ஆயின்மென்ட்டு. இந்தா, பையிலதான் கெடக்கு.

— குடுங்க... மாதாவே! ஒங்க எச்சியில நாங்க எதத் தேடுறோமோ, அதேதாம்மா இந்த ட்யூப்ல மருந்தா இருக்கு!

— ஒண்ணும் வெளங்கல தம்பி. எனக்கு வியாதி தலையிலயா, கையிலயா?

— வியாதியே இல்லாம இருக்கலாம். கையில இருந்த மருந்து பஞ்சுல ஏறிருச்சு. மிஷினுக்கு என்ன தெரியும்? ஒங்க ஒடம்புல சுரந்ததுன்னு காட்டிருச்சு.

— அப்ப மூணாம் நாளு மட்டும் ஏன் காட்டல?

— அன்னைக்கு என்ன மாத்திச் செஞ்சீங்க? யோசிங்க.

— நான் எங்க மாத்துனேன்? பஞ்சு தீந்துபோச்சு, சும்மா குப்பியில துப்புனாப் போதும்னு நீங்கதானே குடுத்து விட்டீங்க.

— ஆங்! கை படவே இல்ல பாத்தீங்களா! அந்த ரெண்டுதான் ஒங்க சரியான அளவு. டாக்டருக்கு இப்பவே போன் போடுறேன். ஸ்கேனே வேணாம்பாரு.

— அல்ஹம்துலில்லாஹ்! இருவது நாளா சோறு எறங்கல தம்பி. ரிஃபாய வர வேணாம்னு சொல்லிர்றேன். மருமக ஃபர்ஹானாகிட்டயும் நல்லா இருக்கேன்னு சொல்லணும், பாவம், பயந்துபோயி கெடக்கு.

— மாமியா மேல அம்புட்டுப் பாசமா?

— பாசமும்தான். அதோட, அந்த மூணாவது குப்பியில தனக்கு என்ன வந்திருக்கோன்னு அதுக்குப் பயம். ரமலான்ல விட்ட நோன்ப நான் அன்னைக்குப் புடிச்சிருந்தேன். நீங்க சொன்ன சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாயில ஏது எச்சி? சும்மா துப்புறதுதானேன்னு மருமகப் புள்ளதான் துப்பிக் குடுத்துச்சு.