உலைக்குள்ளே பார்க்க வந்த குழாய்

அதான் சார், நீங்க ஏற்கெனவே எழுதிட்டீங்களே, கருவி மட்டமானதுன்னு. அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க? கையெழுத்துக்கா? போடலாம். முதல்ல கேளுங்க.

இந்த உலையில முப்பத்திரண்டு வருஷம். பர்னர் எரியற நிறத்தைப் பார்த்தே சொல்லிடுவேன் உள்ளே எவ்வளவு சூடுன்னு. அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்பத்தான் ஒரு பொண்ணை அனுப்பினாங்க, அளக்கிற இன்ஜினியராம். கையில நீளமா ஒரு குழாய், நுனியில கண்ணாடி. சுவர்ல ஓட்டை போட்டு அதைச் சொருகி, நெருப்பு வீசுற அனல் உலையோட கூரையில எவ்வளவு விழுதுன்னு அளக்குமாம். குழாய் வேகாம இருக்க அதைச் சுத்தித் தண்ணி, தண்ணிக்கு பம்பு, பம்புக்கு ஒரு ஆளு. நல்ல கூத்துன்னேன். எனக்கு ரெண்டு கண்ணு போதும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, மேனேஜரும்தான்.

அந்தப் பொண்ணு சிரிக்கல. கண்ணு பழகிடும் அண்ணே, இது பழகாதுன்னுச்சு. என் ஷிஃப்ட் ஆளுங்க எட்டு பேர் முன்னாடி, சார். இடது பக்கக் கூரை தாங்காது, பர்னரைக் குறைங்கன்னுச்சு.

மேனேஜர் லேசுப்பட்டவரா? குறைச்சா உற்பத்தி குறையும். ஒரு வாரம் அளந்து பார்ப்போம்னார். வேலைக்கு இடைஞ்சல், இந்தப் பொண்ணு உலைப்பக்கம் வரக்கூடாதுன்னேன். மேனேஜரும் அதுகிட்ட, ஆபீஸ்லயே உக்காந்து குழாய் காட்டுற நம்பரைப் பாருன்னுட்டார். நம்பர் நாளுக்கு நாள் இறங்குச்சு. அவருக்கு வாயெல்லாம் பல்லு. பாவம், அந்தப் பொண்ணு ஒயரை மாத்தி மாத்திப் பார்த்துச்சு.

ஒன்பதாம் நாள் கூரை இறங்கிடுச்சு. உலைப் பக்கத்துல நின்னது என் பொண்டாட்டியோட தம்பி. முதுகு முழுக்க வெந்துபோச்சு. பொழைச்சுக்குவான்கறாங்க. குப்புறப் படுத்துக்கிட்டே என்னைக் கேக்கறான், மாமா, அந்த இன்ஜினியர் பொண்ணாலதானேன்னு.

நீங்க விசாரணைக்கு வந்தீங்க, குழாயை உருவினீங்க, கண்ணாடியில ஒரு விரல் கனத்துக்குக் கரி. உடனே கருவி மட்டமானது, அந்தப் பொண்ணை வீட்டுக்கு அனுப்புன்னு எழுதியாச்சு. படிச்சவங்கதானே நீங்க? கரி எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? அந்தக் கண்ணாடி மேல கரி ஒட்டாம இருக்க, முன்னாடி காத்து ஊதிக்கிட்டே இருக்கும், சார். காத்து நின்னா கண்ணாடி கறுக்கும். கறுத்தா அனல் தெரியாது, நம்பர் இறங்கும். சின்னப் புள்ளைக்கும் புரியும்.

அந்தக் காத்து வால்வை மூடினது நான்தான். முழுசா இல்லை, முக்கால்வாசி.

பேனாவை ஏன் நிறுத்திட்டீங்க? எழுதுங்க.