இன்னும் கொஞ்சம் நீட்டு, மச்சான்

ஷெரீஃப் கெஸ்லர், உங்கள் காபி எப்போதும் கசப்புதான், ஆனால் சூடாகவாவது இருக்கிறது. நான் வந்தது சின்ன விஷயத்துக்கு. என் தங்கை புருஷன் வெர்னைக் கரடி அடித்துக் கொன்றதைப் பற்றி நீங்கள் எழுதி முடித்த அறிக்கையில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் போதும். எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது.

வெர்ன் இந்தக் கோடையில் நீளமான குண்டுகளுக்கு மாறினான். தூரத்தில் நிற்கிற எல்க் மானுக்கு அதுதான் சரி என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். குண்டு நீண்டால் துப்பாக்கிக் குழலுக்குள் அதன் மூக்குக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை நாங்கள் தொண்டை என்போம். இடம் பற்றாவிட்டாலும் சுடும்போது ஒன்றும் தெரியாது. சுடாமல் தோட்டாவை வெளியே இழுத்தால்தான் வினை. குண்டு மட்டும் தோட்டாக் கூட்டிலிருந்து கழன்று குழலுக்குள்ளேயே கவ்விக்கொள்ளும், வெடிமருந்து கொட்டிப்போகும், தடி விட்டுக் குத்தி எடுக்கிறவரை துப்பாக்கி வெறும் விறகுக்கட்டை. அதனால் தொண்டையை நீட்டித் தரச் சொல்லி என் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

செய்து கொடுத்தேன். சில நாளில் அதைவிட நீளமான குண்டோடு வந்து நின்றான். "இன்னும் கொஞ்சம் நீட்டு மச்சான். கைவேலைக்காரன்னு நம்பித்தானே உன் தங்கச்சியையே கட்டுனேன்." மறுபடி செய்தேன். மறுபடி வந்தான், இன்னும் நீளமான குண்டு. "என்ன மச்சான், கண்ணு மங்கிருச்சா? பேசாம டவுன்ல குடுத்திருக்கலாம்."

இந்த முறை துப்பாக்கியை இயந்திரத்தில் பூட்ட எனக்கு மனசே வரவில்லை. கொஞ்ச நாள் சுவரில் சாத்திவைத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, "முடிஞ்சுது மாப்ள" என்று கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான். சோம்பல். அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அவன் சுட்டுப் பார்த்தான். பலகையில் குறிபார்க்கிறவன் தோட்டாவை எதற்கு வெளியே இழுக்கப்போகிறான்? எல்லாம் ஒரே ஓட்டையில் போனது. அந்தச் சனிக்கிழமை காபிக் கடையில், வாய் நிறைய ஹக்கிள்பெரிப் பழ கேக்கோடு ஊருக்கே கேட்கும்படி சொன்னான். "நம்ம ஹாகனுக்கு இந்த வயசுலதான்யா வேலை வந்திருக்கு. மொத ரெண்டு தடவை செஞ்சது குப்பை. இது வேலை." நீங்களும் அங்கே இருந்தீர்கள், சிரித்தீர்கள். நான் மாய்ந்து மாய்ந்து செய்தது குப்பை, தொடாமல் வைத்திருந்தது வேலை. நானும் சிரித்தேன்.

வேட்டைக்குக் கிளம்பும்போது என் தங்கை சிக்ரிட் என் காலரைச் சரிசெய்துவிட்டாள். "அவரு பாட்டுக்கு முன்னாடி ஓடுவாருண்ணா. நீ பக்கத்துலயே இரு" என்றாள். இருந்தேன். மலையேறுகிற வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "மாப்ள, அதை நான் தொடவேயில்லை" என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை கடையே என்னைப் பார்த்துச் சிரிக்கும். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையிலும் சொல்லவில்லை.

முந்தைய நாள் பொழுது சாய்கையில் நான் சுட்டுப் போட்டுவிட்டு வந்த மானை அன்று காலை எடுத்துவரப் போனோம். வழியில் ஒரு முள்வேலி. வெர்னுக்கு வாய்க்கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு ஒழுங்கும் உண்டு. தோட்டாவை வெளியே எடுக்காமல் வேலி தாண்டமாட்டான். எடுத்தான். வெறும் கூடு வந்தது, மருந்து கையுறை மேல் கொட்டியது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நீ செய்யவே இல்ல, அப்படித்தானே மச்சான்?"

கோபம்கூட இல்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டான். "இரு இரு, ஊருக்குப் போயி கடையில வச்சுப் பேசிக்கிறேன்."

வேலிக்கு அப்பால், மான் மேல் மண்ணைத் தள்ளி மூடிக் காவல் படுத்திருந்த கரடி எழுந்தது அப்போதுதான். வெர்ன் விறகுக்கட்டையாகிப்போன துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சுடு மச்சான்" என்றான். பிறகும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், குரல் இருக்கிறவரை.

ஹாகனின் துப்பாக்கியும் சுடாமல் மாட்டிக்கொண்டது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அன்று நான்தான் அப்படிச் சொன்னேன். சிக்ரிட் அதை நம்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல தப்பில்லண்ணா" என்று அழுதாள். அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் இப்போது கடையில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? ஹாகன் கைப்பட்ட துப்பாக்கி இரண்டும் ஒரே நாளில் கழுத்தறுத்துவிட்டதாம். அதைத் தாங்க முடியவில்லை.

என்னுடையது நானே கட்டிய ரைபிள். தோட்டா உள்ளே இருந்தது, குறி கரடியின் தோளில் அசையாமல் நின்றது. விசையைத் தொட வேண்டியதுதான் பாக்கி. எல்லாம் ஓயும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், தொடவில்லை.

அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள், ஷெரீஃப். நான் செய்த துப்பாக்கி மாட்டிக்கொள்ளாது.