எட்டு நிற நூலும் ஒரு கட்டத்தாளும்

காலை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவேன். அடுப்பு மூட்டிக் கோப்பி கலந்து நின்றபடியே குடிப்பேன். ஐந்தரைக்குப் பெரட்டு. ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார், நான் புத்தகத்தில் கோடு போடுவேன். அதன் பிறகு அவர்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார்கள். வெளிக்கேட்டில் வாளி, முந்தானை எல்லாம் சோதிப்பார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது. நான் இந்தத் தோட்டத்தின் இரண்டாவது கிராணி, கணக்குப்பிள்ளை. சென்னையில் இரண்டு வருஷம் கல்லூரியில் படித்தவன். என் மனைவி கலாவதி இறந்து ஏழு வாரம் ஆகிறது. காலை வேலைகளில் மாற்றம் ஒன்றும் இல்லை.

இந்த விசாரணையில் முதலில் அந்தத் தையல் பொட்டலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கோல சிலாங்கூரில் துணிக்கடை வைத்திருக்கும் மதார் சாகிபின் மனைவி கைருன்னிசா அதை வீட்டிலேயே தயாரித்து விற்றார். முதல் பார்வையில் எனக்கு நல்ல அபிப்பிராயமே ஏற்பட்டது. சதுரச் சதுரமாகக் கண் தெரியும் தடித்த வெள்ளைத் துணி, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்திருந்தது. எட்டு நிறத்தில் நூல், ஒவ்வொன்றும் அட்டையில் சுற்றியிருந்தது. முனை மழுங்கிய ஊசி இரண்டு. கட்டம் போட்ட தாள் ஒன்று. எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்பதற்கு அவர் தமக்குத் தெரிந்த அரபு எழுத்துகளைக் குறியாக எழுதியிருந்தார். அதைப் பார்த்து, பெருக்கல் குறி மாதிரி தையல் போட்டுக்கொண்டே போனால் மலைமேல் கலங்கரை விளக்கமும் கீழே ஆறும் வரும். ஊசி துருப்பிடிக்காமல் இருக்க மெழுகுத்தாளில் சுற்றியிருந்தது. சின்ன வியாபாரத்தில் இவ்வளவு அக்கறையை நான் பார்த்ததில்லை.

கலாவதி அதை வாங்கி வந்தபோது கேட்டில் காவலுக்கு நின்ற செல்லையா பிரித்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, நூலுல சோறாக்கப் போறியா?"

"ஆமாண்ணே. பச்சையில ஒரு சட்டி, நீலத்துல ஒரு சட்டி. உங்களுக்கு எது வேணும்?"

செல்லையா வெகுநேரம் சிரித்தார். என்னிடம் அவள் அப்படிப் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. இதை ஒரு தகவலாகவே சொல்கிறேன்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளை ஒரே நாளில் படித்துக்கொண்டாள். நான் உதவி செய்ய முன்வந்தேன். அடிவரிசையை நான் எண்ணிக் கொடுத்தேன். இரண்டு கட்டம் தவறியதால் கலங்கரை விளக்கம் சாய்ந்துவிட்டது. அதைக் காட்ட அவள் கைருன்னிசாவின் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன்.

"அக்கா, எங்க வீட்டுக் கிராணிக்கு எழுபது கட்டம் எண்ண வரல. தெனம் பெரட்டுல ஆள எப்படித்தான் எண்றாரோ."

"பேர் கூப்பிட்டா ஆளு கையத் தூக்கும். கட்டம் தூக்குமா? பாவம், விடு."

நானும் சிரித்தேன். அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அது மார்ச் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, மாலை நாலேகால்.

அடுத்த மாதம், வாரத்தில் மூன்று நாள் கைருன்னிசாவோடு இருந்து வேலை செய்யப்போவதாகக் கலாவதி சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். சாலையில் பஸ்ஸைக் கொளுத்துகிற காலம் என்று எடுத்துச் சொன்னேன். "தோட்டத்துக்குள்ள மட்டும் கொளுத்த மாட்டாங்களா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறவர்களைப் பற்றித் தெரிந்ததை எழுத வேண்டும். பெயர் போட வேண்டாம். மறுநாள் பூட்டிய பெட்டியில் எல்லோரும் போட வேண்டும். எழுதத் தெரியாத தொழிலாளர் லயத்து ஆட்களுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். பெரும்பாலும் 'ஒன்றும் தெரியாது' என்றே சொன்னார்கள். முப்பத்தாறு தாளில் அதையே எழுதினேன். முப்பத்தேழாவது எங்கள் வீட்டுத் தாள். துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து கட்டம் போட்ட படங்கள் தோட்டங்களுக்குப் போகின்றன, அதில் ஆறும் குன்றும் ரகசியக் குறிகளும் இருக்கின்றன என்று எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

கைருன்னிசா வீட்டுக்குப் போலீஸ் போன அன்று கலாவதி அங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியாது என முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. அவள் புதன்கிழமைதோறும் போவாள். தாளிலும் புதன்கிழமை என்றே எழுதியிருந்தேன்.

இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மொழிபெயர்க்கிறவருக்கு மலேரியா. எங்கள் மானேஜர் துரை என்னை அனுப்பினார். விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அடையாளக் கார்டில் தகப்பன் சன்னாசியின் பெயர்தான் இருந்தது. உனக்கு இவள் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. "வந்துட்டீங்களா" என்றாள்.

இந்தக் குறிகள் என்னவென்று அதிகாரி கேட்டார். நான் கேட்டேன். "ஒவ்வொண்ணும் ஒரு நூலு கலருங்க. இது செவப்பு, இது பச்ச" என்று விரல் வைத்துக் காட்டினாள். வெளியே சொல்லக் கூடாதென்று உத்தரவு என்கிறாள், இடங்களை மட்டும் காட்டுகிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தன் தாயாரும் இப்படி ஏதோ தைப்பார், இது தையல் படமாக இருக்குமோ என்று அதிகாரியே கேட்டார். நல்ல மனிதர். அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அதிகாரியும் அதைப் பார்த்தார்.

கைருன்னிசாவுக்காக மலாய் ஊர்த்தலைவர் பெங்குலு வந்து பேசினார், பத்து நாளில் விட்டுவிட்டார்கள். கலாவதிக்காகப் பேச நான்தான் இருந்தேன். அவளை வழக்கு விசாரணையில்லாமல் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். ரவாங்கில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று லயத்தில் சொல்லிவைத்தேன். கைருன்னிசா வந்து, "துரைகிட்ட சொன்னீங்களா தம்பி?" என்று கேட்டபோது, சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்றேன். முகாமில் டைபாய்டு வந்து ஐந்தாம் வாரம் கலாவதி இறந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. கிராணிக்கு லீவு கிடைப்பது சிரமம்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல கணவன் வேறென்ன நினைப்பான்?

அன்று ஸ்டேஷனில், கடைசியாக ஏதாவது சொல்ல விரும்புகிறாளா என்று அதிகாரி கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் அவரை நேராகப் பார்த்துப் பேசினாள். சொல்ல ஒன்றுமில்லை என்கிறாள் என்று மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள். அவள் சொன்னது இது:

"இவரு என் வீட்டுக்காரருங்க, தொரை. நான் சொல்றத நம்பாட்டி இவரக் கேளுங்க. பொய் பேச மாட்டாரு."